சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்த முழங்கை, முப்பது வருடம் கழித்து மரத்துப்போகும் சுண்டுவிரல்: ஆபரேஷன் தேவையா?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. குடியாத்தத்தில் இருக்கிறீர்கள், வயது 41, பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஏழு வயதில் வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் பழகும்போது விழுந்து இடது முழங்கையில் அடிபட்டது. ஊரில் கட்டுப் போட்டார்கள், வலி போனது. கை மட்டும் வெளிப்பக்கமாக வளைந்தே நின்றுவிட்டது. ஆனாலும் இத்தனை வருடம் அதனால் ஒரு வேலையும் நின்றதில்லை. இப்போது ஒரு வருடமாகச் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போகிறது. பைக்கில் கிளட்ச் பிடித்தால் கை சோர்ந்துவிடுகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறது. ஒருவர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்கிறார், இன்னொருவர் சுகர் என்கிறார், பக்கத்து வீட்டுப் பெரியவர் வேறு ஒரு பெயரைச் சொல்லிப் பயமுறுத்திவிட்டார். எலும்பு டாக்டர் நரம்பை இடம் மாற்றி வைக்க வேண்டும் என்கிறார். வலியே இல்லாதபோது ஆபரேஷன் எதற்கு, செய்தால் கை பழையபடி வருமா, மறுபடி சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. வேலூரில் கைக்கான பிசியோதெரபி பார்ப்பவன். இந்த ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுதான் என் வேலை. உங்கள் கையை நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் நேரான பதில். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அந்தப் பழைய விழுகைதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. சதையில் குழி விழுந்துவிட்டது என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடும் கட்டம் தாண்டிவிட்டது. இன்றைக்கே ஓட வேண்டியதில்லை, ஆனால் தீபாவளி கழித்து, பொங்கல் கழித்து என்று தள்ளக் கூடாது. கை முழுதாகப் பழையபடி வரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். சைக்கிள் ஓட்டலாம்.

இனி விவரம். முழங்கை எங்காவது இடித்தால் ஷாக் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரை ஓடுமே, அந்த நரம்புக்கு அல்நார் நரம்பு என்று பெயர். முழங்கையின் உள்பக்கக் குமிழுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் தோலுக்கு அடியிலேயே போகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் உணர்வு தருவது அதுதான். விரல்களை விரிக்க, சேர்க்க, கட்டைவிரலால் ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்க உதவும் சின்னச் சின்னத் தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவதும் அதுதான்.

ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள் கையை ஊன்றி விழும்போது முழங்கையின் வெளிப்பக்க நுனி உடைவது அடிக்கடி நடக்கும். பிள்ளைகளின் முழங்கை எலும்பு முறிவுகளில் இது இரண்டாவது இடத்தில் இருக்கிறது. இதில் ஒரு தந்திரம் உண்டு. அந்த வயதில் நுனியின் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும், எக்ஸ்ரேயில் தெரியாது. உடைந்தது பெரிய துண்டாக இருந்தாலும் படத்தில் மெல்லிய ஒரு செதில்தான் தெரியும். அதனால் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் தவறிப்போகலாம். நீங்கள் கட்டுக்காரரைக் குறை சொல்லி எழுதியிருந்தீர்கள். புத்தூர் கட்டு என்ற போர்டு இல்லாத ஊர் நம் பக்கம் உண்டா? எலும்பு விலகாத முறிவு கட்டிலேயே கூடிவிடும். அதனால்தான் அந்த நம்பிக்கை இன்னும் நிற்கிறது. ஆனால் இந்த வெளிப்பக்க நுனி முறிவு விலகிவிட்டால் கட்டு போதாது. முன்கைத் தசைகள் அந்தத் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், மூட்டுக்குள் இருக்கும் நீர் முறிவுக்குள் புகுந்து எலும்பைக் கூடவிடாது. பொதுவாக 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் கம்பி வைத்துச் சேர்க்க வேண்டும் என்பார்கள்.

கூடாமல் விட்டால் என்ன ஆகும்? துண்டு மெல்ல மேலே நகரும், வெளிப்பக்க வளர்ச்சி தடுமாறும், உள்பக்கம் வழக்கம்போல வளரும். கை வெளிப்பக்கமாக வளைந்துவிடும். கையை நீட்டி, உள்ளங்கையை முன்னால் காட்டி நின்றால் எல்லோருக்கும் முழங்கையில் 5 முதல் 15 டிகிரி வரை வெளிக்கோணம் இருக்கும். பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். உங்களுக்கு அது 30 டிகிரியைத் தொட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. கோணம் கூடக் கூட, உள்பக்கத்தில் போகும் நரம்பு சுற்றுவழியில் போக வேண்டியிருக்கிறது. முழங்கையை மடக்கும் ஒவ்வொரு முறையும் கிணற்றுக் கயிறு உருளையில் தேய்வது மாதிரி அந்தக் குமிழில் இழுபட்டுத் தேய்கிறது. பத்து, இருபது, முப்பது வருடம் அது தாங்கும். பிறகு தாங்காது. 1878-லேயே பானாஸ் என்ற மருத்துவர் பாரிஸில் இதை விவரித்திருக்கிறார். அதனால் "முப்பது வருடம் கழித்து எப்படி வரும்" என்ற உங்கள் சந்தேகத்துக்குப் பதில், இப்படித்தான் வரும் என்பதே. தாமதம்தான் இந்த நோயின் அடையாளம்.

மற்ற மூன்று சந்தேகங்களைப் பார்ப்போம். வீட்டிலேயே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், கூட ஒருவர் இருந்தால் போதும்.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பஞ்சால் புறங்கையில் சுண்டுவிரல் பக்கம் தொடச் சொல்லுங்கள், அப்புறம் முன்கையின் உள்பக்கத்தில் தொடச் சொல்லுங்கள். புறங்கையின் அந்தப் பக்கம் மந்தமாக இருந்து, முன்கை சரியாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் முழங்கையில். முன்கையின் உள்பக்கமும் மந்தமாக இருந்தால் கழுத்தையும் சந்தேகிக்க வேண்டும், கழுத்தைத் திருப்பும்போது வலி தோளிலிருந்து இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். விரல் மட்டும் மரத்து, புறங்கை முழுக்கத் தெளிவாக இருந்தால் நரம்பு மணிக்கட்டில் அமுங்குகிறது என்று அர்த்தம். புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுவதால் இந்த வித்தியாசம். மணிக்கட்டில் அமுங்குவது நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வருவது. ஹேண்டில்பாரில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டே மணிக்கணக்கில் போவதால் வரும். சைக்கிள் ஒன்று, நரம்பு ஒன்று, ஆனால் இடம் வேறு, வைத்தியமும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கையுறை வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்து ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் வைத்து இரண்டு கையாலும் பிடியுங்கள். எதிரில் இருப்பவர் இழுக்கட்டும். நல்ல கையில் கட்டைவிரல் நேராக இருக்கும். இடது கையில் கட்டைவிரலின் நுனி மூட்டு மடங்கினால், இறுக்க வேண்டிய தசை பலவீனமாகி வேறு தசை அதன் வேலையைச் செய்கிறது. இன்னொன்று, மணிக்கட்டை நேராக வைத்து முழங்கையை முழுதாக மடக்கி ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். சுண்டுவிரலில் குறுகுறுப்பு ஏறினால் முழங்கைதான் என்ற எண்ணம் பலப்படும். போன் பேசும்போதும் கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கும்போதும் அதிகமாகிறது என்று நீங்களே எழுதியிருப்பது இதோடு ஒத்துப்போகிறது.

சுகர் என்றால் பொதுவாக இரண்டு பாதங்களிலும் முதலில் எரிச்சலும் மதமதப்பும் தொடங்கும். ஒரே கையில் ஒன்றரை விரலை மட்டும் பிடிப்பது அதன் வழக்கம் இல்லை. ஆனாலும் சுகர், தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். சுகர் இருந்தால் ஏற்கெனவே நசுங்கும் நரம்பு இன்னும் சீக்கிரம் கெடும்.

பெரியவர் சொன்ன பெயர் தொழுநோய் என்று புரிகிறது. அவர் சொன்ன விதம் தப்பு, சந்தேகம் முழுக்கத் தப்பு இல்லை. அந்தக் கிருமி கையில் மிகவும் விரும்பித் தாக்குவது இதே அல்நார் நரம்பை, இதே முழங்கைப் பக்கத்தில். அதனால் எந்த நல்ல டாக்டரும் உங்கள் முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பார்ப்பார், உடம்பில் உணர்வில்லாத வெளிர்ந்த தேமல் இருக்கிறதா என்று தேடுவார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அப்படியே இருந்தாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். உங்களுக்குச் சிறுவயதிலிருந்தே வளைந்த முழங்கை இருப்பதால் சந்தேகம் அந்தப் பக்கம் போக அவசியம் குறைவு.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். மடங்கிப்போன விரலை நிமிர்த்தும் வைத்தியத்தில் உலகம் நம் ஊரைத் திரும்பிப் பார்த்த காலம் ஒன்று உண்டு. 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு வேலை செய்யும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஒன்றைத் திருப்பிவிட்டு விரலை நிமிர்த்தும் அறுவையை 1948-ல் தொடங்கினார். 1955-ல் காட்பாடி தாண்டிக் கரிகிரியில் தொழுநோய்க்கான ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் இழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கை அறுவைகளைச் செய்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கியவரும் அவர்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பிராண்ட் கண்டுபிடித்த ஒரு விஷயம் உங்கள் சுண்டுவிரலுக்கு நேரடியாகப் பொருந்தும். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, விரல்களைக் கெடுப்பது நேராக நோய் இல்லை, வலி தெரியாததால் பட்டுக்கொண்டே இருக்கும் சூடும் வெட்டும்தான் என்று அவர் காட்டினார். உங்கள் விரல் மரத்திருக்கிறது. டீ கிளாஸ், பைக் சைலன்சர், தையல் மெஷின் ஊசி, தோல் வெட்டும் கத்தி எல்லாம் அந்த விரலுக்கு இப்போது எதிரிகள். தினமும் ராத்திரி தூங்கும் முன் இரண்டு விரலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சிவந்திருந்தாலோ கொப்புளம் இருந்தாலோ வலிக்காவிட்டாலும் புண் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"வலி இல்லையே" என்று நீங்கள் மூன்று இடத்தில் எழுதியிருப்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. இந்த நரம்பில் வலியை வைத்து நாள் கணக்கிடக் கூடாது, பலத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். தொடக்கத்தில் குறுகுறுப்பும் எரிச்சலும் அதிகம் இருக்கும், நரம்பு மேலும் கெட்ட பிறகு அவை குறைந்து வெறும் மரப்பாகிவிடும். அதைக் குணமாகிவிட்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டே ஒரு வருடம் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருத்துவர்கள் 1950-லிருந்து மெக்கவன் என்பவர் வகுத்த மூன்று படிகளை வைத்துப் பேசுகிறார்கள். மரப்பு மட்டும் இருந்தால் முதல் படி, பலவீனமும் சேர்ந்தால் இரண்டாவது, தசை நன்றாக வற்றிச் செயலிழந்தால் மூன்றாவது. நீங்கள் குறைந்தது இரண்டில் இருக்கிறீர்கள்.

முதல் படியில் இருப்பவர்களுக்கு நான் உடனே ஆபரேஷன் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி முழங்கை முழுதாக மடங்காமல் 45 டிகிரி அளவில் நிற்க ஒரு ஸ்பிளின்ட் (மூட்டை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் பட்டை) போட்டாலே பலருக்குக் குறையும். ஸ்பிளின்ட் இல்லாவிட்டால் ஒரு துண்டை முழங்கைக்குள் சுற்றிக்கொண்டு படுக்கலாம். மேசையில் முழங்கையை ஊன்றாமல் இருப்பதும், போனை இயர்போனில் பேசுவதும் உதவும். ஆனால் அது எலும்பு நேராக இருப்பவர்களுக்கு. உங்களுக்கு எலும்பே வளைந்திருப்பதால், பகலில் கையை மடக்கும் ஒவ்வொரு முறையும் இழுவை தொடரும். ஆபரேஷன் தேதி வரை இவற்றைச் செய்யுங்கள், ஆனால் இவையே வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். நரம்பு மாத்திரை என்று தரும் பி வைட்டமினால், அதன் குறைபாடு இருந்தால் மட்டுமே பயன். இழுபடும் நரம்பை எந்த மாத்திரையும் தளர்த்தாது. நரம்பு இருக்கும் பள்ளத்தில் அழுத்தி நீவுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கரன்ட் வைப்பதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள், ஒப்பிடத்தான். பிறகு நரம்பு கடத்தல் பரிசோதனை. சின்னச் சின்ன மின் அதிர்வு கொடுத்து நரம்பில் செய்தி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளப்பார்கள். கொஞ்சம் சுருக் சுருக் என்றிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. முழங்கையைத் தாண்டும்போது வேகம் விநாடிக்கு 50 மீட்டருக்குக் கீழே போனாலோ, முன்கையில் இருப்பதைவிட 10 மீட்டருக்கு மேல் குறைந்தாலோ அடைப்பு அங்கேதான். தசைக்குள் மெல்லிய ஊசி வைத்துப் பார்ப்பதையும் தவிர்க்காதீர்கள். வற்றிய தசையில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று அதில்தான் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அந்த ரிப்போர்ட்டில் இருக்கும்.

ஆபரேஷன் என்று உங்கள் டாக்டர் சொன்னது இதுதான்: முழங்கையின் உள்பக்கம் கீறி, நரம்பைச் சுற்றியிருக்கும் இறுக்கமான பட்டைகளை வெட்டிவிட்டு, குமிழுக்குப் பின்னால் இருக்கும் நரம்பை முன்பக்கம் கொண்டுவந்து தோல் கொழுப்புக்கு அடியிலோ தசைக்கு அடியிலோ வைப்பார்கள். அதன்பின் கையை மடக்கினால் நரம்பு இழுபடாது, தளரும். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்தே செய்துவிடலாம். வளைந்த எலும்பை வெட்டி நேராக்குவதும் சிலருக்குச் செய்வார்கள், கோணம் மிக அதிகமாக இருந்தாலோ மூட்டு ஆட்டம் கண்டாலோ. முப்பது வருடமாகக் கூடாத எலும்பை இப்போது சேர்க்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முழங்கை வலிக்கவில்லை, தளரவில்லை, நன்றாக மடங்கி நீள்கிறது என்றால் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் அதைத் தொட மாட்டார்கள். என் கருத்தும் அதுவே. நன்றாக இருக்கும் மூட்டை நேராக்கப் போய் விறைப்பாக்கிக்கொண்டால், தையல் வேலைக்கு அதுதான் பெரிய இடைஞ்சல்.

இனி நீங்கள் அதிகம் கவலைப்படும் விஷயம், கை எப்போது வரும். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். மாவுக்கட்டோ வெறும் கட்டோ, ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை, டாக்டரைப் பொறுத்தது. தழும்புக்குக் கீழே கொஞ்ச இடம் மரத்திருக்கும். தோலுக்குப் போகும் சின்ன நரம்புகள் வழியில் குறுக்கிடுவதால் அது வருகிறது, பயப்பட வேண்டாம். குறுகுறுப்பு சிலருக்கு முதல் வாரங்களிலேயே குறையும். அதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று கையை இஷ்டத்துக்கு விட்டுவிடக் கூடாது.

கெட்ட நரம்பிழை மறுபடி வளரும் வேகம் நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து கட்டைவிரல் சதை வரை 30 சென்டிமீட்டர் அளவு தூரம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் முன்கைத் தசைதான் முதலில் பலம் பெறும், உள்ளங்கைத் தசைகள் கடைசியில். மூன்று மாதத்தில் குழி நிறையவில்லை என்று என்னிடம் வந்து வருத்தப்படுபவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன். இன்னொரு கணக்கும் கூடவே ஓடுகிறது. நரம்புத் தொடர்பே இல்லாத தசை ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது. பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் எடுத்துக்கொள்ளத் தசை இருக்காது. உங்களுக்குத் தொடர்பு முழுதும் அறுந்துவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, அதனால் நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. ஆனால் ஆபரேஷனை இப்போது செய்யச் சொல்வதற்கு இந்த இரண்டு கணக்கும்தான் காரணம். இருப்பதைக் காப்பாற்றவே முதலில் செய்கிறோம். போனதில் ஒரு பகுதி திரும்பினால் அது மேல்வரவு. உங்கள் வயதில், ஒரு வருடப் பிரச்சினையில், நல்ல பகுதி திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். குழி முழுக்க நிறைவதை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கும் அந்த ஒரு வருடம் சும்மா இருக்கும் வருடம் இல்லை. சலிப்பான வேலை, தினமும் செய்ய வேண்டும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கியே நின்றால் மூட்டு இறுகிவிடும். பிறகு நரம்பு வந்தாலும் விரல் நிமிராது. அதனால் வலது கையால் அந்த இரண்டு விரலையும் காலை, மாலை மெல்ல நிமிர்த்திப் பிடியுங்கள். விரலின் அடிமூட்டைக் கொஞ்சம் மடக்கி வைக்கும் சின்ன ஸ்பிளின்ட் தருவோம், அதைப் போட்டுக்கொண்டே வேலை செய்யலாம். பலம் திரும்பத் தொடங்கியதும் விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டி விரிப்பது, துணி கிளிப்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்துவது, பிசைந்த சப்பாத்தி மாவைக் கிள்ளி உருட்டுவது எல்லாம் போதும். விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். உணர்வு திரும்பும்போது விரல் குழம்பும், தொடுவது சொரசொரப்பா வழவழப்பா என்று சொல்லத் தெரியாது. அதற்கு உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கம்பெனியில் வெட்டிப்போட்ட துண்டுகளில் வழவழ தோல், ஸ்வேட், லைனிங் துணி, கேன்வாஸ் என்று நாலு வகை எடுத்துவந்து, கண்ணை மூடித் தடவி எது எது என்று சொல்லிப் பழகுங்கள். பிறகு கண்ணைத் திறந்து சரிபாருங்கள். இதை எவ்வளவு பேர் விளையாட்டு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள் தெரியுமா, மருந்தைவிட இது முக்கியம்.

உட்கார்ந்து செய்யும் இலகுவான வேலைக்கு ஒரு மாதத்துக்குள் திரும்பலாம். மெஷினில் தோலை இழுத்துப் பிடிக்கும் வேலைக்கு இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசரிடம் முன்பே பேசி, அந்த இடைவெளிக்கு ஒட்டும் வேலையோ பேக்கிங்கோ கேட்டுப் பாருங்கள். திரும்பியதும் மெஷின் மேசையின் விளிம்பில் முழங்கையை ஊன்றும் பழக்கம் இருந்தால் அந்த விளிம்புக்கு ஒரு ஃபோம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி. கம்பெனியில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பிடித்திருக்க வேண்டும், லீவு நாளுக்கு ஒரு பகுதிச் சம்பளமும் அதில் வரும். இல்லையென்றால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. உங்கள் ஆபரேஷன் அதில் எந்தத் தலைப்பில் வருகிறது என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். இன்னுயிர் காப்போம் திட்டம் விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கானது, பழைய அடிக்கு அதைக் கேட்டு அலைய வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது. சிஎம்சி-யில் கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு உண்டு, பால் பிராண்ட் பெயரில். குடியாத்தத்திலிருந்து இரண்டுக்கும் பஸ்ஸில் காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

ஒரு வருடம் தாண்டியும் விரல் நிமிராவிட்டால்? அப்போதுதான் நான் மேலே சொன்ன தசைநாண் மாற்று அறுவை வருகிறது. நன்றாக வேலை செய்யும் ஒரு தசையின் நாணைக் கடன் வாங்கி விரலை நிமிர்த்தவும் கட்டைவிரல் பிடிக்குப் பலம் கொடுக்கவும் திருப்பிவிடுவார்கள். அதற்கும் மூட்டு இறுகாமல் இருக்க வேண்டும், அதனால் மறுபடி சொல்கிறேன், அந்த இரண்டு விரலையும் தினமும் நிமிர்த்துங்கள்.

உங்கள் மகனுக்கு ஆறு வயது, சைக்கிள் கேட்கிறான் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். வாங்கிக் கொடுங்கள், அவன் கால் தரையில் ஊன்றும் உயரத்தில். விழுந்து முழங்கையின் வெளிப்பக்கம் வீங்கினால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். அடிபட்ட முழங்கையை அழுத்தி நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளலாம். எக்ஸ்ரே எடுங்கள், சாய்வாகவும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முறிவு இருந்து மாவுக்கட்டு போட்டால், ஒரு வாரத்தில் மறுபடி படம் எடுத்துத் துண்டு விலகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் ஒட்டியிருந்த துண்டு இரண்டாவது படத்தில் நகர்ந்திருப்பது நடக்கும்.

நீங்கள் ஓட்டுவதைப் பொறுத்தவரை, மூன்று மாதத்துக்குப் பிறகு டாக்டர் சரி என்றதும் தொடங்கலாம். முழங்கை அதிகம் மடங்காத அளவுக்கு ஹேண்டில்பார் உயரமும் சீட் தூரமும் வையுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள், தடிமனான ரப்பர் பிடி போடுங்கள். பாலாற்றுப் பாலம், காட்பாடி ரோடு என்று சமதரையாகப் போங்கள். ஏலகிரி இப்போதைக்கு வேண்டாம், ஏறுவதில் பிரச்சினை இல்லை, இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும், இடது கை பாதியில் கைவிட்டுவிடும்.

டாக்டரிடம் மறுபடி போகும்போது இந்த மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: நரம்பைத் தோலுக்கு அடியில் வைக்கிறீர்களா, தசைக்கு அடியிலா, எலும்பையும் தொடப்போகிறீர்களா, தொட்டால் ஏன், ஊசி வைத்த பரிசோதனையில் உள்ளங்கைத் தசை எவ்வளவு மிச்சம் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முதல் நாள் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள்ளங்கையும் புறங்கையும் தெரிய, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து முன்னேற்றமே இல்லை என்று தோன்றும்போது ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும்.